லோ வோல்டேஜில் கரண்ட் கூடுமா, குறையுமா?

எங்கள் தெரு முனை எலக்ட்ரிகல் கடையில் கோடைக்காலச் சாயங்காலங்களில் அடிக்கடி கிளம்பும் வாக்குவாதம் இது. கடையில் உதவிக்கு நிற்கும் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். மோட்டார் காயில் கட்டுகிற அண்ணன் ஒருவர் வைண்டிங் ஒயர் வாங்க வருவார். "வோல்டேஜ் இறங்குனா ஆம்ப்ஸ் ஏறும் தம்பி, அதனாலதான் வெயில் வந்தாலே எனக்குக் கை நிறைய வேலை" என்பார். "அதெப்படிண்ணே, ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையத்தானே செய்யணும்" என்பான் இவன். அவர் கரண்ட் அளக்கும் கிடுக்கி மாதிரிக் கருவியான டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிக் கண்ணால் பார்த்தவர், இவன் பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியவன், ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்க மாட்டார்கள். ரெண்டு பேர் சொல்வதும் சரி என்பதுதான் இதில் வேடிக்கை.

சூத்திரம் யாருக்கும் தெரியாமல் இல்லை. வோல்டேஜ் என்பது கரண்ட் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ். வாட் என்பது வோல்டேஜ் பெருக்கல் கரண்ட். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். பத்தாம் வகுப்பு தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்த மூன்று வரியும் வந்துவிடும். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரு சாமானைக் காட்டி "இது 180 வோல்ட்டில் எவ்வளவு கரண்ட் எடுக்கும்" என்று கேட்டால் பாதிப் பேர் திணறுவார்கள். என் கணிப்பில் காரணம் ஒன்றுதான். பள்ளிக்கூடக் கணக்கில் எது மாறாது, எது மாறும் என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடும். நிஜ சர்க்யூட்டில் அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எது அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் பெருக்கல், வகுத்தல்தான்.

ஓம் விதியைக் கண்டுபிடித்தவருக்கே முதலில் இதே தலைவலிதான் இருந்தது. கியோர்க் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். விதவிதமான நீளத்தில் கம்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காந்த ஊசியை வைத்து அளந்து பார்த்தார். அந்தக் காலத்து வோல்டா பேட்டரியோ ஒரு நிலையில் நிற்காது, அளந்துகொண்டிருக்கும்போதே வோல்டேஜ் இறங்கிவிடும். கரண்ட் குறைந்தது கம்பி நீளமானதாலா, பேட்டரி தளர்ந்ததாலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. போகென்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிஸ்மத், செம்பு ரெண்டையும் இணைத்த தெர்மோகப்பிளுக்கு மாறினார், ரெண்டு முனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தில் வோல்டேஜ் தரும் சாதனம் அது. ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், மறு முனை உருகும் பனிக்கட்டியில். ரெண்டு இடத்திலும் வெப்பநிலை மாறாது, அதனால் வோல்டேஜும் மாறாது. அதற்கப்புறம்தான் விதி கண்ணுக்குத் தெரிந்தது. 1827ல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை, 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம்.

வெந்நீருக்கு வைத்திருக்கும் கெய்சரில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கும். இதில் அசையாமல் நிற்பது எது? 2000 வாட் என்று சொல்லத் தோன்றும், ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதானே. ஆனால் அது 230 வோல்ட் கொடுத்தால் மட்டுமே கிடைக்கிற எண். உள்ளே இருப்பது ஒரு காயில், அதற்கென்று ஒரு ரெசிஸ்டன்ஸ். மாறாதது அதுதான். 230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26.5 ஓம். 230 வோல்ட்டில் இது 8.7 ஆம்பியர் எடுக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 180ஐ 26.5ஆல் வகுக்க வேண்டும், 6.8 ஆம்பியர். பாலிடெக்னிக் தம்பி சொன்னது இங்கே நூற்றுக்கு நூறு சரி. வாட்? 180 பெருக்கல் 6.8, ஏறக்குறைய 1225. வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம்தான், ஆனால் சூடு 39 சதவீதம் குறைந்துவிட்டது. வோல்டேஜ் இறங்கும்போது கரண்டும் சேர்ந்து இறங்குகிறது, வாட் ரெண்டின் பெருக்கல், அதனால் ரெட்டை அடி.

"அப்ப லோ வோல்டேஜில் கெய்சர் போட்டால் பில் குறையுமே" என்று ஒரு கேள்வி வரும். குறையாது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர, எத்தனை வோல்ட் வந்தாலும் ஒரே அளவு ஆற்றல்தான் வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.19 கிலோஜூல். 15ஆலும் 20ஆலும் பெருக்கினால் 1257 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல், ஆகவே 0.35 யூனிட். 2000 வாட்டில் பத்தரை நிமிடத்தில் சூடாகும், 1225 வாட்டில் 17 நிமிடம். மீட்டரில் ஓடுவது ரெண்டிலும் அதே 0.35தான், காத்திருக்கும் நேரத்தில் டாங்கிலிருந்து கசியும் சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். இங்கே அசையாமல் நிற்பது தண்ணீருக்கு வேண்டிய ஆற்றல். கணக்கு வோல்ட்டிலிருந்து தொடங்குவதில்லை, தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. சூடு ஏறியதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் வைத்த அயர்ன் பாக்ஸுக்கும் இதே நியாயம்தான்.

இப்போது காயில் கட்டும் அண்ணனின் பக்கம். கிணற்றிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். இது வெறும் காயில் என்று நினைத்து மல்டிமீட்டரில் ஓம் பார்த்து, 230ஐ அதனால் வகுத்தால் தலை சுற்றும் அளவுக்குப் பெரிய எண் வரும். ஓடுகிற மோட்டார் அப்படி இழுக்காது. அதன் மேல் இருக்கும் பாரம் தண்ணீர். குறிப்பிட்ட உயரத்துக்கு, குறிப்பிட்ட அளவு தண்ணீரை அது தூக்கியாக வேண்டும், வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று மாடித் தொட்டி கீழே இறங்கி வராது. வேகம் லேசாகக் குறையும், ஆனால் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வாட் ஏறக்குறைய அசையாமல் நின்று, வோல்டேஜ் இறங்கினால், கரண்ட் ஏறித்தான் ஆக வேண்டும். அண்ணன் டாங் டெஸ்டரில் பார்த்தது இதைத்தான்.

கரண்ட் ஏறினால் என்ன, அதே வாட்தானே என்று விட முடியாது. மோட்டார் காயிலுக்கென்று ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது, அதில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதை 1841ல் எழுதியவர் ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டர் பக்கத்தில் பீர் வடிக்கும் தொழில் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. 7 ஆம்பியர் இழுக்க வேண்டிய மோட்டார் 8.4 இழுத்தால் கரண்ட் 20 சதவீதம்தான் கூடியது, ஆனால் 1.2ஐ 1.2ஆல் பெருக்கிப் பாருங்கள், காயிலில் சூடு 44 சதவீதம் கூடிவிட்டது. இன்சுலேஷன் வார்னிஷ் எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு நாள் கருகிய வாடை வரும், அப்புறம் அண்ணனுக்கு போன் போகும்.

டிவி, லேப்டாப் சார்ஜர், எல்இடி பல்பின் டிரைவர் எல்லாம் மோட்டார் கட்சிதான், சொல்லப்போனால் இன்னும் கறாரானவை. லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளியே எத்தனை வாட் வேண்டுமோ அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே வருகிற வோல்டேஜுக்கு ஏற்பக் கரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் சாயங்காலம் குண்டு பல்பு அழுது வடியும்போதும் எல்இடி பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். தெருவில் எல்லோரும் ஏசி, மோட்டார், டிவி என்று போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறது, இறங்கினதும் இவையெல்லாம் சேர்ந்து இன்னும் அதிகக் கரண்டை இழுக்கின்றன, அதனால் லைனில் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்கிறோம், அதன் மேல் கொஞ்சம் இரக்கமும் காட்டலாம்.

இங்கேயே போன் சார்ஜர் பயத்தையும் முடித்துவிடலாம். "5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜருக்குப் பதில் 5 வோல்ட் 3 ஆம்பியர் போட்டால் போன் வெடித்துவிடுமா" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சார்ஜர் நிறுத்தி வைப்பது வோல்டேஜை. எவ்வளவு கரண்ட் என்று முடிவு செய்வது போன். 3 ஆம்பியர் என்பது அந்த சார்ஜரால் கொடுக்க முடிந்த உச்சம், வலுக்கட்டாயமாகத் தள்ளும் அளவு இல்லை. உங்கள் வீட்டு பிளக்கில் 16 ஆம்பியர் வரை வரும், அதற்காக அதில் மாட்டிய கொசு விரட்டி 16 ஆம்பியரா எடுக்கிறது? பயப்பட வேண்டியது வோல்டேஜ் தப்பாக இருந்தால்தான். 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் ரூட்டரில் சொருகினால் கதை முடிந்தது.

அப்புறம் குண்டு பல்பு. ரெசிஸ்டன்ஸ் மாறாது என்று கெய்சரை வைத்துச் சொன்னேன் அல்லவா, பழைய டங்ஸ்டன் பல்பு அந்த விதியை லேசாக ஏமாற்றும். 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது ரெசிஸ்டன்ஸ் 529 ஓம். அணைந்து ஆறிப்போன பல்பை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓம் பக்கத்தில்தான் காட்டும். இழை வெள்ளையாகச் சூடானதும் ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஸ்விட்சைப் போட்ட அந்த நொடிப் பொழுதில் 0.43 ஆம்பியருக்குப் பதில் 5, 6 ஆம்பியர் பாய்ந்துவிட்டுத்தான் அடங்கும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது பியூஸ் போவதைவிட ஸ்விட்ச் போட்டதும் "டப்" என்று போவது ஏன் அதிகம் என்பதற்கு இதுதான் பதில்.

இரண்டு பல்பை சீரிஸில் மாட்டினால் வரும் விளையாட்டு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஒரு 60 வாட், ஒரு 100 வாட். எது பிரகாசமாக எரியும்? கேட்ட உடனே 100 என்பார்கள். கணக்குப் போடுங்கள். 60 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் 882 ஓம், 100 வாட்டுக்கு 529. ரெண்டும் சேர்ந்து 1411 ஓம். கரண்ட் 0.163 ஆம்பியர், சீரிஸ் என்பதால் ரெண்டிலும் அதே கரண்ட். இந்த இடத்தில் பங்கு போட முடியாமல் நிற்பது கரண்ட், பிரிந்து போவது வோல்டேஜ். 60 வாட் பல்புக்கு 144 வோல்ட், 100 வாட்டுக்கு 86. வாட் பார்த்தால் 23க்கு 14. சின்ன பல்புதான் ஜெயிக்கிறது. இழை முழுச் சூடு ஏறாததால் நிஜ எண்கள் கொஞ்சம் தள்ளி வரும், ஆனால் யார் ஜெயிப்பது என்பதில் மாற்றமில்லை, நேரில் பார்த்தால் 100 வாட் பல்பு நெருப்புத் துண்டு மாதிரி மங்கலாகத்தான் தெரியும்.

சீரியல் செட்டும் இதே கதைதான். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்குமே, எல்இடி வருவதற்கு முந்தைய அந்தக் கலர் மிட்டாய் பல்பு மாலை, அதில் 6 வோல்ட் குட்டி பல்புகள் நாற்பது வரிசையாக இருக்கும். 230ஐ 40ஆல் வகுத்தால் 5.75 வோல்ட், அளவாகப் பொருந்துகிறது. ஒன்று பியூஸ் போனால் மொத்த மாலையும் அணையும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அப்போது அந்தப் போன பல்பின் ரெண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கும் என்பது. 6 வோல்ட் பல்புதானே என்று கையை வைப்பவர்கள் உண்டு. சர்க்யூட் அறுந்துவிட்டது, கரண்ட் பூஜ்யம். கரண்ட் பூஜ்யம் என்றால் நன்றாக இருக்கும் மிச்ச 39 பல்பில் ஒன்றிலும் வோல்டேஜ் விழாது, பூஜ்யத்தை எந்த ஓமால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்படியானால் 230ம் எங்கே போகும்? அறுந்த இடத்தில் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டர் வைத்துத் தேடுபவர்கள் போன பல்பைப் பிடிப்பதும் இப்படித்தான், நல்ல பல்பு எல்லாம் பூஜ்யம் காட்டும், ஒன்று மட்டும் 230 காட்டும். நீங்கள் பல்பை மாற்றுவதாக இருந்தால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஃபேஸ் ஒயரில் மாட்ட வேண்டிய ஸ்விட்சை நியூட்ரலில் மாட்டிய வீடுகள் நிறைய, அங்கே அணைத்தாலும் மாலைக்குள் வோல்டேஜ் இருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி ஒரு கணக்கு. கடைக்காரர் "150 ஆம்பியர் ஹவர் சார், நாள் பூரா ஓடும்" என்பார். 150ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். அவ்வளவுதான் அந்தக் கனத்த பெட்டிக்குள் இருப்பது, மீட்டர் கணக்கில் சில ரூபாய்க் கரண்ட். ரெண்டு சாதா ஃபேன் 150 வாட், நாலு எல்இடி 36, ரூட்டர் 10, சுமார் 200 வாட் என்று வைப்போம். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சாப்பிடுவதையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 250 வாட் போகும். காகிதத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நிஜத்தில் அஞ்சு மணி நேரம் வந்தால் நல்ல பேட்டரி. 150 என்ற எண் 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது, நாம் எடுப்பதோ 250 வகுத்தல் 12, ஏறக்குறைய 21 ஆம்பியர். லெட் ஆசிட் பேட்டரியை அவசரப்படுத்தினால் உள்ளதை முழுசாகத் தராது. 12 வோல்ட் பக்கத்தில் கரண்ட் இப்படி ஏறுவதுதான் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் விரல் தடிமன் கேபிள் போடுவதற்கும் காரணம். இன்வெர்ட்டரிலிருந்து வெளியே போகும் 230 வோல்ட் ஒயரில் அதே 200 வாட்டுக்கு 0.87 ஆம்பியர்தான், மெல்லிசு ஒயரே போதும்.

ஒயர் என்றதும் சொல்லியாக வேண்டியது. தோட்டத்துக் கோடியில் மோட்டார், வீட்டிலிருந்து 100 மீட்டர் தூரம். ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போட்டுவிட்டு "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது" என்று புலம்புவதை எத்தனையோ இடத்தில் கேட்கலாம். பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னும் மூணு-இருபது, ஏழு-இருபது என்று பழைய அளவில்தான் ஒயர் கேட்பார்கள், அனுபவத்தில் தடிமனைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் வீட்டுக்காரர் விலையைப் பார்த்து ஒரு படி இறக்கிவிடுவார். போய்வர 200 மீட்டர், ஒன்றரை ஸ்கொயரில் ரெசிஸ்டன்ஸ் 2.3 ஓம். மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் ஒயரிலேயே 16 வோல்ட் போய்விடும், 112 வாட் சும்மா ஒயரைச் சூடாக்கும். அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டார் கிளம்பும்போதுதான் வில்லங்கம். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் தண்ணீர் தூக்கவில்லை, அதற்கு வாட் நிலையாக இல்லை, அந்த நேரத்தில் அது ஏறக்குறைய கெய்சர் கட்சிக்குத் தாவிவிடுகிறது. முழு 230 கிடைத்தால் 35 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால், 6.6 ஓம் மாதிரி. அதோடு ஒயரின் 2.3 சேர்ந்தால் 8.9, கரண்ட் 26, மோட்டாருக்குக் கிடைப்பது 170 வோல்ட். வீட்டுக்கு வரும் ஏசி (ஆல்டர்நேட்டிங்) கரண்டில் கோணக் கணக்கு ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டுத் தோராயமாகச் சொல்கிறேன். கிளம்பும் முறுக்கு, அதாவது மோட்டார் தண்டைச் சுற்ற வைக்கும் பலம் (டார்க்), வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 170ல் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பம்ப் கொஞ்சம் இறுகியிருந்தாலோ, சாயங்காலம் லைனிலேயே 200தான் வந்தாலோ, கிளம்பாது. கிளம்பாமல் அந்தப் பெரிய கரண்டை இழுத்துக்கொண்டே நின்றால் கொஞ்ச நேரத்தில் காயில் காலி. நாலு ஸ்கொயர் போட்டிருந்தால் ஒயர் ரெசிஸ்டன்ஸ் 0.86 ஓம், மோட்டாருக்கு 200க்கு மேல் கிடைத்திருக்கும், முறுக்கு முக்கால் பங்குக்கு மேல். ஒயரில் மிச்சம் பிடித்த காசு ஒரு முறை காயில் கட்டினாலே போய்விடும்.

கடைசியாக மீட்டர். வீட்டில் இருப்பதிலேயே நல்ல கருவி அதுதான், கையால் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு எல்இடி மினுக்கிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால், பத்து மினுக்குக்கு 11,250 ஜூல். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, பத்து மினுக்குக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, 11,250ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் வந்துவிடும். முதல் மினுக்கில் ஸ்டாப்வாட்சைத் தட்டும்போது பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பியுங்கள், ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்பது இடைவெளிதான் வரும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் விட்டால், பத்து மினுக்குக்கு 90 நொடி என்றால் 125 வாட். ஒரே ஒரு சாதா ஃபேன் மட்டும் ஓடினால் மினுக்குக்கு மினுக்கு 15 நொடி, காத்திருந்தே கண் பூத்துவிடும். அதையே கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 35 நொடிக்கு மேல். 75 வாட் இருந்த இடத்தில் 30 வாட், ஒரு நாளைக்கு 15 மணி நேரம், ரெண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்றால் ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் 2016ல் வீட்டுக்கு ரெண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசமானது என்பதையும், மேலே போகப் போக அடுக்குக் கட்டணம் ஏறும் என்பதையும் பார்த்தால், மிச்சமாகும் அந்த 40 யூனிட் எப்போதும் உங்கள் பில்லில் விலை அதிகமான மேல் அடுக்கிலிருந்துதான் கழியும். இலவச யூனிட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு இதில் பைசா லாபமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜை இப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஓடும்போது எடுத்த 125ஐ 24 மணி நேரத்தால் பெருக்கி "ஒரு நாளைக்கு 3 யூனிட்டா" என்று மலைக்க வேண்டாம். அதற்கு வாட் கணக்கு உதவாது, ராத்திரி படுக்கும்போது ஒரு ரீடிங், காலையில் ஒரு ரீடிங், நடுவில் ஓடிய மற்ற சாமான்களைக் கழித்துக்கொள்ளலாம்.

மோட்டாரை மினுக்கில் பார்த்தால் இன்னொரு புதிர் கிடைக்கும். டாங் டெஸ்டர் 7 ஆம்பியர் காட்டுகிறது, 230ஆல் பெருக்கினால் 1610. மீட்டரிலோ பத்து மினுக்குக்கு எட்டரை நொடி, 1320 வாட்தான் வருகிறது. அதிலும் இது 1 ஹெச்பி மோட்டார், 746 வாட் என்றுதானே படித்தோம்? 746 என்பது சுற்றும் தண்டில் கிடைப்பது, 1320க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மோட்டாருக்குள்ளேயே சூடாகவும் உரசலாகவும் போகிறது. 1610க்கும் 1320க்கும் உள்ள வித்தியாசம் வேறு ரகம். காயிலில் கரண்ட் வோல்டேஜைவிடப் பின்தங்கி வருவதால் கொஞ்சம் கரண்ட் போய்விட்டு வேலை செய்யாமலே திரும்பி வருகிறது, அதைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறார்கள், இங்கே 0.82. வீட்டு மீட்டர் 1320ஐத்தான் எண்ணும், பில் அதற்குத்தான். ஒயருக்கும், கரண்ட் மீறினால் தானே விழும் எம்சிபி ஸ்விட்சுக்கும் அந்தச் சலுகை கிடையாது, போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் அதே செம்பில்தான் ஓடுகிறது. அதனால் ஒயர் வாங்கப் போகும்போது 1320ஐ 230ஆல் வகுத்து 5.7 ஆம்பியர் என்று கேட்காதீர்கள், டாங் டெஸ்டர் காட்டிய 7ஐச் சொல்லிக் கேளுங்கள், லோ வோல்டேஜ் ஊராக இருந்தால் 8.5 என்று.